யாரும் பதில் எழுதாத கோப்பு

"உன் வேலை என்னன்னு யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்?"

அண்ணன் இதை அவளிடம் கேட்டுப் பல வருஷமாகிறது. அச்சகத்தின் முன்மேசையில் நின்றபடி, ஏதோ மருந்துக்கடைக்கான ரசீதுத் தாள்களை விசிறி போல விரித்து, தட்டி, அடுக்கிக்கொண்டே கேட்டான். பகலில் அவள் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். அது எல்லோருக்கும் புரிந்தது. மிச்ச நேரம் முழுக்கச் சம்பளமில்லாமல் அவள் மாரடித்துக்கொண்டிருந்த இன்னொரு வேலைதான் யாருக்கும் பிடிபடவில்லை.

"கம்ப்யூட்டர் ஓடணும்னா அடியில ஒரு இயங்குதளம் வேணும்ல. எங்களோடதை ஊர் உலகத்துல இருக்கிற ஆளுங்க சேர்ந்து எழுதறோம். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், திருத்தலாம்."

"அதெல்லாம் தெரியும். இங்க கடையிலயே அதைத்தானே போட்டுக் குடுத்திருக்கே. அதுல உன் பங்கு என்ன?"

"ஹெடர் ஃபைல்."

"மனுஷனுக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒவ்வொரு புரோகிராமும் முதல் சில வரியில, எனக்கு இது வேணும், அது வேணும்னு கேக்கும். என்னென்ன கேக்கலாம், எப்படிக் கேக்கணும்னு எழுதி வச்சிருக்கிறதுதான் ஹெடர். ஆயிரக்கணக்குல கிடக்கு. ஒண்ணு இன்னொண்ணை இழுக்கும், அது வேறொண்ணை இழுக்கும். ஆளாளுக்குச் சேர்த்துச் சேர்த்து ஒரே சிக்கு. அதைப் பிரிச்சு, வேண்டாததை எடுத்துட்டு, ஒழுங்கா வைக்கறேன்."

அண்ணன் தாள் தட்டுவதை நிறுத்தினான். "அதாவது கம்ப்யூட்டருக்குத் தலை வாரி விடறே."

"அப்படியே வச்சுக்கோயேன்."

"சிக்கெடுக்கிற வேகத்துல முடியைப் பிடுங்கிடாதே. வலிக்கும்."

அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் சீப்பு. அண்ணி கூட ஃபோனில், "சீப்பு பேசறாளா, பிஸியா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அண்ணனும் பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை. அச்சகத்தின் பின்கட்டில் ஒரு வெட்டும் இயந்திரம் வைத்திருந்தான். கட்டுத் தாளை மொத்தமாக வைத்தால் ஒரே இறக்கில் வெண்ணெய் மாதிரி வெட்டும். யாரோ கழித்துக் கட்டியதை அவன் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். கத்தி நன்றாக இருந்தது, அழுத்துகட்டை நன்றாக இருந்தது. தாளைப் பின்னாலிருந்து அளவாக முன்னே தள்ளுகிற பட்டைக்கு உத்தரவு போடும் பெட்டி மட்டும் செத்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பழைய கணினியை, அந்தக் காலத்து அச்சுப்பொறிகளுக்கு இருந்த தடித்த செருகி வழியாக இயந்திரத்தோடு இணைத்தான். இணைத்தால் போதுமா, அது பேச வேண்டாமா. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நிரல் எழுதினான். வாழ்க்கையில் அவன் எழுதிய ஒரே நிரல் அதுதான்.

அது முதல்முறை பட்டையைச் சரியான அளவுக்கு நகர்த்தியபோது அவளுக்கு ஃபோன் செய்தான்.

"உனக்கு மருமகன் பொறந்திருக்கான். அத்தைக்காரி வந்து பார்த்துட்டுப் போ."

அவள் போனாள், பார்த்தாள், கை தட்டினாள். அண்ணன் அந்த நிரலை அவளுக்கு அனுப்பிவைத்தான். "இதை உங்க இயங்குதளத்தோடயே சேர்க்க முடியுமா பாரு. என்னை மாதிரி பழைய மெஷினைக் கட்டிக்கிட்டு அழறவன் வேற எவனாவது இருப்பான். அவனுக்கு உதவும்."

"பார்க்கறேன் அண்ணா."

பார்க்கவும் செய்தாள். ஒரு நாள் மதியம் அதைத் திறந்தாள். முதல் மூன்று வரிகளில் அவனுக்கு வேண்டிய ஹெடர்களைக் கேட்டிருந்தான். நான்காவது வரியிலிருந்து கூத்து ஆரம்பித்தது. பட்டைக்குப் பெயர் 'மச்சான்', கத்திக்குப் பெயர் 'மாமியார்', அவசரமாக நிறுத்தும் இடத்துக்குப் பெயர் 'போதும்டாசாமி'. வரிகள் இஷ்டத்துக்கு உள்ளே போயின, வெளியே வந்தன. அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வேறொன்று தோன்றியது.

இதைக் கொண்டுபோய் அந்த ஆட்கள் முன்னால் வைத்தால் என்ன ஆகும்? குழுவில் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை முசுடு என்பார்கள், அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். யார் எதை அனுப்பினாலும் வரிக்கு வரி பிரித்து மேய்ந்துவிடுவார். மாமியாரையும் மச்சானையும் பார்த்தால் சும்மா விடுவாரா? 'இது யாருடைய அண்ணன்' என்று கேட்பார்கள். கொஞ்சம் சீர்படுத்திவிட்டு அனுப்பலாம் என்று மூடிவைத்தாள். கூச்சம் அண்ணனைப் பற்றியதா, தன்னைப் பற்றியதா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

அண்ணன் இரண்டு மூன்று முறை கேட்டான். "மருமகனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சா?"

"இந்தத் தடவை இடம் இல்லைன்னுட்டாங்க. அடுத்த தடவை."

"சிபாரிசுக்கு ஆள் இருந்தும் இப்படியா?" என்று சிரிப்பான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். அவளும் மறந்துபோனாள்.

வருஷங்கள் ஓடின. புதிய வெளியீட்டுக்கு முன்னால் ஹெடர்கள் மொத்தத்தையும் ஒருமுறை அலசிவிடுவது என்று குழுவில் முடிவானது. பொறுப்பு அவளுடையது. அவளுக்குப் பிடித்த வேலை. இங்கே தொட்டால் எங்கே அசைகிறது என்று பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி உண்டு. ஒரு கோப்பை விலக்குவாள், மொத்த இயங்குதளத்தையும் மறுபடி கட்டிப் பார்ப்பாள், எங்காவது உடைந்தால் அங்கே போய் ஒட்டுவாள், அடுத்ததை எடுப்பாள். காபி ஆறிப்போகும். யாராவது கூப்பிட்டால் காதில் விழாது.

அப்படித்தான் அந்தக் கோப்பு கையில் சிக்கியது. தடித்த செருகியோடு பேச விரும்பும் வெளி நிரல்களுக்கான ஹெடர். ஒவ்வொரு கணினியிலும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது, ஆனால் இயங்குதளத்துக்குள் இருந்த எந்த நிரலும் அதைக் கேட்கவில்லை. அவள் தேடினாள். ஒன்றுமில்லை. எடுத்துவிட்டுக் கட்டிப் பார்த்தாள். ஒரு முனகல் கூட இல்லாமல் கட்டி முடிந்தது.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. எதையாவது நீக்குவதென்றால் முதலில் எல்லோருக்கும் மின்னஞ்சலில் எழுத வேண்டும்: இது யாருக்காவது வேண்டுமா, மாத முடிவுக்குள் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் யாருக்கும் வேண்டாம் என்று பொருள். நியாயமான வழக்கம்தான். வேறு எப்படிக் கேட்பது, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டவா முடியும்?

அவள் எழுதினாள். முசுடு மட்டும், "எனக்கு வேண்டாம். ஆனால் எனக்கு எதுவுமே வேண்டாம்" என்று வழக்கம்போல ஒரு வரி போட்டார். வேறு யாரும் எழுதவில்லை. மாதம் முடிந்தது. கோப்பைத் தூக்கினாள். அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில்தான் சாப்பிட்டாள். இயங்குதளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "புது வெளியீடு வருது அண்ணா. கடைக் கம்ப்யூட்டர்ல போட்டுடு. பழசையே கட்டிக்கிட்டு இருக்காதே, ஆபத்து. போட்டதும் உன் புரோகிராமைப் புதுசுல ஓடற மாதிரி ஒருதடவை கம்பைல் பண்ணிடு, அவ்வளவுதான்" என்றாள். அண்ணன் சரியென்று தலையாட்டி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டான்.

உலகம் பூராவுக்கும் எழுதிக் கேட்டவள், எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவனைக் கேட்கவில்லை.

வெளியீடு வந்த வாரம் அவளுக்கு மூச்சு விட நேரமில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் அழைத்தான்.

"மருமகனுக்கு உடம்பு சரியில்லை."

"என்னாச்சு?"

"தெரியல. எழுந்திரிக்கவே மாட்டேங்கறான்."

"அண்ணா, இங்க வேலை தலைக்கு மேல நிக்குது. அடுத்த வாரம் வரட்டுமா?"

"ஒண்ணும் அவசரமில்லை. நீ உன் வேலையைப் பாரு. நானே பார்த்துக்கறேன்."

அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமானது. குழுவின் வருடாந்தர சந்திப்பு வந்தது. ஹெடர்களை ஒழுங்குபடுத்திய கதையை அவள் அங்கே பேச வேண்டும் என்றார்கள். பேசுவதற்குத் துணையாக ஒரு சின்னக் கையேடு அச்சடித்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அந்தச் சாக்கில் ஒருநாள் காலை அச்சகத்துக்குப் போனாள்.

பின்கட்டில் வெட்டும் இயந்திரம் இல்லை.

அது நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. நான்கு கால்களின் அச்சு குழியாகப் பதிந்திருந்தது. அண்ணி அந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள். அண்ணன் ஓரமாக ஒரு மேசையில், இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைக்கத்தியால் தாள் வெட்டிக்கொண்டிருந்தான்.

"மெஷின் எங்க?"

"பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்" என்றாள் அண்ணி. "நான் அடிச்சுக்கிட்டேன், சீப்பு வரட்டும், ஒருதடவை பார்க்கட்டும்னு. கேட்டாத்தானே உங்க அண்ணன்."

"வந்து என்ன பண்ணுவா? தப்பு எங்கிட்ட" என்றான் அண்ணன், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "புதுசைப் போட்டேன். நீ சொன்ன மாதிரியே கம்பைல் பண்ணேன். மூணாவது வரியிலேயே உதைச்சுடுச்சு. அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது."

"எந்த ஃபைல்?"

"அந்தத் தடிச் செருகிக்கு ஒண்ணு இருக்கும்ல, அது. நான்தான் பேரைத் தப்பா எழுதிட்டேன் போலன்னு மாத்தி மாத்தி எழுதிப் பார்த்தேன். அதையே எடுத்துட்டேன். எடுத்தா வேற பத்து இடத்துல கத்துது. அந்தப் பத்தையும் மாத்தினேன். அப்புறம் எதை மாத்தினேன், எதை மாத்தலைன்னு எனக்கே தெரியல. கடைசியில பார்த்தா மச்சானும் இல்லை, மாமியாரும் இல்லை. மருமகனை நானே கொன்னுட்டேன்."

"வேற நகல் வச்சிருப்பியே."

"உங்கிட்ட ஒண்ணு அனுப்பியிருந்தேன். அது ரொம்பப் பழசு. அதுக்கப்புறம் எவ்வளவோ சேர்த்தாச்சு."

அவள் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். மூன்றாவது வரியை அவள் பார்த்திருந்தாள். நான்காவது வரிக்குச் சிரிக்கப் போன அவசரத்தில் கண் அதைத் தாண்டிவிட்டது. குழுவில் சிரித்தாலும் பரவாயில்லை என்று அந்த நிரலை அப்படியே, கோணல் மாணலாகவே இயங்குதளத்தோடு சேர்த்திருந்தால், அந்த ஹெடரை யார் கேட்கிறார்கள் என்று தேடிய அன்று அண்ணனின் நிரல் முதல் ஆளாகக் கையைத் தூக்கியிருக்கும்.

"ஃபைல் இல்லைன்னா, எங்க பக்கம்தான் ஏதாவது தப்புன்னு உனக்குத் தோணலையா?" இதைக் கேட்டால் அவன் பிடித்துக்கொள்வான், தான் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அண்ணன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "ஹெடர் எல்லாம் நீ பார்த்துக்கறது. நீ பார்க்கிற இடத்துல தப்பு இருக்காது. அப்போ தப்பு யார்கிட்ட? எங்கிட்டதானே."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வாசலில் யாரோ, "விசிட்டிங் கார்டு ரெடியா?" என்று கேட்டார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"விடு, இரும்புதானே" என்றாள் அண்ணி. "ஆனா ஒண்ணு, அந்த வாரம் பூரா அவர் சரியாவே சாப்பிடல."

கையேட்டை அண்ணனே அச்சடித்துத் தருவதாகச் சொன்னான். சந்திப்புக்கு வருவதாகவும் சொன்னான். "என் தங்கச்சி மைக் பிடிச்சுப் பேசறதை நான் பார்க்க வேண்டாமா?"

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், நீக்கிய ஹெடரை மீண்டும் சேர்ப்பதற்கான மாற்றத்தைத் தயார் செய்தது. ஒரு நிமிஷ வேலை. பிறகு விரல் நின்றது. யாருக்காகச் சேர்க்கிறாய் என்று குழுவில் கேட்பார்களே, என்ன சொல்வது? உபயோகித்த ஒரே நிரல் அழிந்துவிட்டது. இயந்திரம் இரும்புக்கடையில். அவள் அதை அனுப்பவில்லை. அதற்குப் பதில், தன் உரையிலிருந்து நீக்கப்பட்ட கோப்புகளின் பெயர்கள் இருந்த பக்கத்தை எடுத்துவிட்டாள். சந்திப்பு முடியட்டும், வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இங்கும் எடுத்துவிட்டாள், எதுவும் உடையவில்லை.

நூலகத்து மாடிக் கூடத்தில் சந்திப்பு. அவள் போனபோது அண்ணன் முன்னதாகவே வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, சீவிய தலை. வாசலில் ஒரு மேசையைப் பிடித்துக் கையேடுகளை அடுக்கி, வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தான், ஏதோ வீட்டு விசேஷம் மாதிரி.

"ஓரம் கொஞ்சம் கோணலா இருக்கும். கையால வெட்டினது. பொறுத்துக்க."

அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அட்டையில் சின்னதாக ஒரு சீப்புப் படம். அவள் கேட்காமலே போட்டிருந்தான். அடியில் விளிம்பு ஒரு பக்கமாகச் சரிந்து போயிருந்தது.

"அண்ணா, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"பேசி முடிச்சுட்டுச் சொல்லு. இப்ப வாயைத் திறந்தே, உள்ள அடுக்கி வச்சது எல்லாம் கொட்டிடும்."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்துத்தான் பின்னாளில் அவள் மிக அதிகமாக வெட்கப்பட்டாள்.

உரை நன்றாகவே போனது. தலை வாரி விடும் கதையைச் சொன்னபோது கூடம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன், பக்கத்தில் இருந்தவரிடம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான், அந்தச் சிரிப்பு தன் சரக்கு என்று. கேள்வி நேரம் வந்தது. முசுடு எழுந்தார்.

"எல்லாம் சரி. நீக்கின ஃபைல் எதையும் காட்டலையே நீங்க. நான் காட்டறேன்." அவர் மடியிலிருந்த கணினியைத் திரையோடு இணைத்தார். சுவர் முழுக்க மாற்றங்களின் வரிசை விரிந்தது. "இதோ, இது. வெளி புரோகிராம்களுக்கான தடிச் செருகி ஹெடர். என் கேள்வி ரொம்பச் சின்னது. இதை யாருமே உபயோகிக்கலைன்னு எப்படித் தெரிஞ்சது?"

சுவரில் கோப்பின் பெயர் பெரிதாகத் தெரிந்தது. அதன் கீழே நீக்கிய தேதி. அதன் கீழே நீக்கியவர் பெயர்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். அச்சுப்பிழை பார்க்கிற மாதிரி, உதடு லேசாக அசைய, எழுத்து எழுத்தாகப் படித்தான். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் மேலே போய் ஆரம்பித்தான்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒருவர் உபயோகித்தார், நான் அவரைக் கேட்கவில்லை, அவர் இதோ இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். மைக் கையில் இருந்தது, கூடம் அமைதியாக இருந்தது. சொல்வதற்கு வாக்கியங்கள் கூட வரிசையாக வந்து நின்றன.

"எல்லாருக்கும் மெயில் போட்டுக் கேட்டோம்" என்றாள். "யாரும் பதில் எழுதல."

"நல்லது" என்றார் முசுடு. "உபயோகிக்கிறவன் மெயில் படிப்பான்னு நாமளே வச்சுக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தான். அவளை ஒருமுறை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். தான் கொலைகாரன் இல்லை என்று தெரிந்துகொண்டவனின் நிம்மதியும், அதைச் சொல்ல இவளுக்கு மனம் வரவில்லையே என்கிற திகைப்பும் அந்த முகத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எழுந்தான். நாற்காலி சத்தம் போடாதபடி தூக்கி உள்ளே தள்ளினான். அடுத்த கேள்வியை யாரோ கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அது அவள் காதில் விழவில்லை. திறந்திருந்த கதவு வழியே வாசல் மேசை தெரிந்தது. அண்ணன் அங்கே நின்று, மிச்சமிருந்த கையேடுகளை இரு கைகளாலும் அள்ளி, மேசைமேல் நிறுத்தித் தட்டினான், விளிம்புகள் ஒன்றாக வரட்டும் என்று. திருப்பிப் பிடித்து மறுபக்கம் தட்டினான். கோணலாக வெட்டிய தாள் எத்தனை தட்டினாலும் நேராக வருமா. ஆனாலும் இன்னொருமுறை தட்டினான். பிறகு கையேடுகளை மேசையின் நடுவில், எடுப்பவர்களுக்குக் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, படி இறங்கிப் போனான்.